நேரத்தை யார் தருவது? பெற்றோரான பின் கல்லூரிக்குத் திரும்புவோர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எனக்கே விட்டிருந்தீர்கள். அதற்கு நன்றி. உயர்கல்வி பற்றி எந்த மேடையில் பேசினாலும், பதினேழு வயதில் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். நான் இன்று அந்தப் பிள்ளையின் அம்மாவையும் அப்பாவையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், படிக்கவே விடப்படாதவர்கள், படித்த படிப்பு போதாமல் போனவர்கள். நாற்பதை ஒட்டிய வயதில், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் நடுவில் தமக்கென்று ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி நிரப்புகிறவர்கள். கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் வார இறுதி நாட்களில் அஞ்சல்வழிக் கல்வி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் ஆசிரியப் பணியில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த வகுப்புகளில்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அதுவும் நம் ஊர் வரலாறு.

1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவப் பட்டத்துக்கு வழியில்லாமல் போராடிக்கொண்டிருந்த காலம் அது. நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். 1845இல் பிறந்தவர், சேரும்போது முப்பது வயது, மூன்று குழந்தைகளின் தாய். கணவர் சென்னையில் பாரிஸ்டர். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடியாமல், பயிற்சியில்லாத கைகளில் பிள்ளை பெற்று இந்தியப் பெண்கள் படும் வேதனையைக் கேள்விப்பட்டதுதான் அவரை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. 1878இல் இங்கே படிப்பை முடித்தார். பிறகு குழந்தைகளோடு லண்டன் போய் மறுபடியும் படித்து, 1882இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சென்னைக்குத் திரும்பினார். அவர் முயற்சியால் 1885இல் திரைமறைவில் வாழ்ந்த 'கோஷா' பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கிறது. 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால்தான் பழைய சென்னைக்காரர்களுக்கு விளங்கும். இந்த அவையில் இருப்பவர்களில் சிலர் அங்கேயே பிறந்திருக்கலாம். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் மீண்டும் மாணவியானதால் வந்த மருத்துவமனை அது.

அவருக்கு இருந்த வசதிகளை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாகாது. அக்காலச் சென்னையில் ஓர் ஆங்கிலேய பாரிஸ்டர் வீட்டில் ஆயாவுக்கோ சமையல்காரருக்கோ பஞ்சம் இருந்திருக்காது. மேரி ஷார்லீப்பின் பெயர் கல்லூரி வரலாற்றில் இருக்கிறது. அவர் வகுப்பில் இருந்த நேரத்தில் அந்தக் குழந்தைகளுக்குச் சோறூட்டிய பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. படிக்கப்போன தாய்மார்களின் கதையை எங்கே புரட்டினாலும் பக்கத்திலேயே பெயரில்லாத இன்னொரு பெண் நிற்பதைப் பார்க்கலாம்.

படிக்கப்போன இன்னொரு தாய் கல்கத்தாவின் காதம்பினி கங்குலி. இந்தியாவில் முதன்முதலாகப் பி.ஏ. தேறிய இரு பெண்களில் ஒருவர். பிறகு திருமணம், திருமணத்துக்குப் பின் மருத்துவக் கல்லூரி. படித்துக்கொண்டிருக்கும்போதே தாயானார். 1893இல், பல குழந்தைகளுக்குத் தாயான நிலையில், அவர்களைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டுக் கடல்கடந்து போய், எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் டப்ளினிலும் மருத்துவத் தகுதிகள் பெற்றுத் திரும்பினார். 1888இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை வியந்து எழுதியிருக்கிறார். பேறுகாலத்துக்காக இந்தப் பெண் கல்லூரிக்கு வராமலிருந்தது வெறும் 13 நாள்தானாம். ஒரு விரிவுரையைக்கூடத் தவறவிடவில்லை என்று தெரிகிறதாம்.

அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து 13 என்ற எண் என் மனத்தை விட்டுப் போகவில்லை. நைட்டிங்கேல் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நாமும் இன்றுவரை பெருமையாகத்தான் சொல்கிறோம். பச்சை உடம்போடு பதினான்காம் நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்த பெண்ணின் மனவுறுதியை நானும் வணங்குகிறேன். ஆனால் பிள்ளை பெற்ற உடம்புக்கு 13 நாளுக்கு மேல் தர மனமில்லாத ஒரு கல்வி முறையைப் பற்றி அந்த எண் என்ன சொல்கிறது? மாணவியின் பெருமையாக நாம் எழுதி வைத்திருப்பது கல்லூரியின் குறை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். பிள்ளை பெற்ற பிறகு படிக்க வருகிறவர்களுக்குப் பாராட்டை நாம் வாரி வழங்கிவிட்டோம். அவர்கள் கேட்பது நேரம். அதை மட்டும் கல்லூரியும் தரவில்லை, வீடும் தரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பை உங்கள் கண்முன் கொண்டுவர முயல்கிறேன். வகுப்பு பத்து மணிக்கு. முதலில் வருபவர்கள் வெளியூர்க்காரர்கள். விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் தாமதமாக வருவார்கள், வீட்டில் மதியச் சாப்பாடு வரை செய்து வைத்துவிட்டு வரவேண்டும் என்பதால். வைகாசியும் ஆவணியும் வந்தால் வகுப்பு பாதியாகிவிடும். எல்லா ஞாயிறும் முகூர்த்த நாள். மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் பொருளாதார வகுப்புக்குப் போனேன் என்று சொல்ல எந்த மருமகளுக்கும் நம் ஊரில் துணிச்சல் வந்துவிடவில்லை. கடைசி பெஞ்சில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கும். அம்மாவின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் வீடும் மலையும் சூரியனும் வரைந்துகொண்டிருக்கும். அதட்டினால் அம்மா வராமல் போய்விடுவாள் என்று தெரிந்து நான் எதுவும் சொல்வதில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்த போன்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும். "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, பணம் எங்க வச்சிருக்கே?" என்ற கேள்விக்கு வெளியே ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

தேர்வுக்கு முந்தைய வகுப்புகளில் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் பாடத்தைப் பற்றியவையே அல்ல. "மேடம், மூணு மணி நேரம் தொடர்ந்து எழுத வருமா? கை விட்டுப்போச்சு" என்பதுதான் பலரும் கேட்டது. பள்ளியை விட்ட பிறகு பால் கணக்கும் மளிகைச் சீட்டும் தவிர எதுவும் எழுதாத கை. இரண்டு பக்கம் எழுதினாலே கட்டைவிரலின் அடியில் வலி பிடித்துக்கொள்ளும். தினமும் ஒரு பக்கம் செய்தித்தாளைப் பார்த்து எழுதச் சொல்வேன். ஒருவர் தம் மகளின் கையெழுத்துப் பயிற்சி நோட்டிலேயே மறுபக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். இதையெல்லாம் எந்தப் பாடத்திட்டக் குழுவும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நேரக் கணக்குக்கு வருகிறேன். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஒருவர் ஒருநாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார் என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிந்த ஆய்வு. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்குச் செலவிட்டது சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம். அதே வேலையில் ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் கவனிப்பது தனிக் கணக்கு. அதில் பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76. சமைத்துத் துலக்கித் துவைப்பதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போய்விட்ட ஒருத்தி எப்போது படிப்பாள்? என் மாணவிகளைக் கேட்டால் இரண்டே பதில்தான். "எல்லாரும் தூங்கின அப்புறம்", "எல்லாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி". அவர்கள் படிப்புக்காகச் செலவிட்டது தம் தூக்கத்தை. வீட்டில் வேறு யாருடைய நேரமும் குறையவில்லை.

அப்பாக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களும் வந்தார்கள். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்று வந்த காவலர்கள், நடத்துநர்கள், அலுவலக உதவியாளர்கள். வீட்டில் அப்பா படிக்கிறார் என்றால் டிவியின் சத்தம் குறையும், தேநீர் மேசைக்கு வரும். அந்த வகையில் அவர்கள் பாடு பரவாயில்லை. ஆனால் அவர்களிடம் வேறொரு பாரத்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல் படித்தார்கள். ஒரு தாள் தவறிவிட்டால், "நீ மட்டும் பெயிலாகலாமா?" என்று மகன் கேட்டுவிடுவானோ என்ற அச்சம். புத்தகத்தை அலுவலக டிராயரிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பிள்ளைகள் முன்னால் தவறிப்போகும் உரிமை தமக்கில்லை என்று இந்த ஊரின் தந்தைமார் நினைக்கிறார்கள். அது வருத்தமான நினைப்பு. தவறிய தாளை மறுபடி உட்கார்ந்து எழுதும் அப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, அரியர் வைப்பதோடு உலகம் முடிந்துவிடாது என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயதானால் மண்டையில் ஏறாது என்று சொல்கிறோமே, அதற்கு என்ன ஆதாரம்? தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928லேயே வயதுவந்தோர் கற்றல் பற்றி ஆராய்ந்து, கற்கும் ஆற்றல் நாம் அஞ்சுவதுபோல் சரிந்துவிடுவதில்லை என்று எழுதினார். வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, ஒரே மனிதர்களைப் பல்லாண்டு தொடர்ந்து சோதித்தது. எண்களைப் பார்த்து மின்னல் வேகத்தில் விடை சொல்லும் விரைவு இளமையிலேயே குறையத் தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் சொல்லறிவும், விவரங்களிலிருந்து பொதுமை காணும் திறனும் நடுவயதில்தான் உச்சத்தில் நிற்கின்றன. என் அனுபவமும் அதையே சொல்கிறது. விலைவாசி பற்றி வகுப்பெடுத்தால், ரேஷன் கடையில் வரிசையில் நின்ற பெண் கேட்கும் கேள்வி, பதினெட்டு வயது மாணவன் கேட்பதைவிட ஆழமாக இருக்கும். மனப்பாடம்தான் அவர்களுக்கு வராது. மனப்பாடத்தைச் சோதிப்பதற்கென்றே நாம் தேர்வுகளை வைத்திருப்பதால் அவர்கள் மக்கு என்று பெயர் வாங்குகிறார்கள்.

இவர்களுக்கென்று கதவு திறந்த வரலாறும் நமக்கு உண்டு. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1969இல் அரச பட்டயம் பெற்ற பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே 1971இல்தான். ஜென்னி லீ என்ற அமைச்சரின் பிடிவாதம் அதன் பின்னால் இருந்தது. நுழைவதற்கு முன் தகுதி எதுவும் வேண்டாம். வெளியேறும்போது தரத்தில் எள்ளளவும் குறையக்கூடாது என்பது அவர் கொள்கை. பாடங்கள் தபாலில் போயின. விரிவுரைகளை வேலைக்குப் போகிறவர்கள் பார்க்கக்கூடிய நேரமாகப் பார்த்து, அதிகாலையிலும் பின்னிரவிலும் பிபிசி ஒளிபரப்பியது. நம் நாட்டில் 1982இல் ஹைதராபாத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1985இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 'கரஸ்ல படிக்கிறேன்' என்று தயங்கிச் சொல்லும் ஒரு தலைமுறை இவற்றால்தான் உருவானது. அந்தத் தயக்கத்தை நான் வெறுக்கிறேன். காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பகலில் வேலைக்குப் போய், இரவில் படித்து வாங்கிய பட்டத்தைச் சொல்லக் குரல் தாழவேண்டிய காரணம் எதுவும் இல்லை.

கதவு திறந்ததோடு வேலை முடியவில்லை என்பதற்கு ஒரு வேதனையான சாட்சியும் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் நேராகப் பட்டப்படிப்பிலும், பட்டம் இல்லாதவர்கள் நேராக முதுகலையிலும் சேர ஒரு காலத்தில் திறந்தநிலை முறையில் இடம் கொடுத்தார்கள். வீட்டுச் சூழலால் எட்டாவதோடும் பத்தாவதோடும் நின்றவர்கள் ஆவலோடு சேர்ந்தார்கள்; கட்டணம் கட்டினார்கள்; தேறினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் இல்லாமல் இப்படிப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று தமிழ்நாடு அரசும் அதே ஆண்டு ஆணையிட்டது. தீர்ப்பில் சட்ட நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேர்க்கும்போது இதைச் சொல்லாமல் சேர்த்தவர்கள் யாரும் எந்த விலையும் கொடுக்கவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு படித்தவர்களே கொடுத்தார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு வீணான மூன்றாண்டு என்பது இருபது வயதுக்காரரின் மூன்றாண்டு போன்றதில்லை. அதைத் திரும்ப எடுக்க அவருக்கு நேரம் கிடையாது.

விதிகள் பெற்றோரை நினைத்துப் பார்க்காமலே எழுதப்படுகின்றன என்பதற்கு இன்னும் சில சொல்கிறேன். திருமணமாகிப் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு பெண்கள் தேடிவரும் படிப்பு பி.எட். ஓராண்டாக இருந்த அந்தப் படிப்பு 2015இல் இரண்டு ஆண்டாயிற்று. வகுப்புக்கு 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு. நல்ல ஆசிரியர் உருவாக நீண்ட பயிற்சி வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் குழந்தைக்கு அம்மை போட்டால் பத்து நாள் வீட்டில் இருந்தாக வேண்டிய மாணவியை அந்த 90 விழுக்காடு எங்கே நிறுத்துகிறது என்று யாராவது யோசித்தார்களா? 2016 விதிமுறைகள் எம்.ஃபில்., பி.எச்டி. ஆய்வு மாணவிகளுக்குப் பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்குமாக 240 நாள் வரை விடுப்பு தந்தன. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் விதி வகுத்து வருகைப் பதிவில் தளர்வு கொடுங்கள் என்று 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டது. காதம்பினியின் 13 நாளிலிருந்து இங்கே வந்து சேர நமக்கு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. உங்கள் கல்லூரி விதிப் புத்தகத்தில் அந்தத் தளர்வு ஏறிவிட்டதா என்று இன்று வீடு திரும்பும் முன் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைக் காப்பகம் இன்னொன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் இருக்கவேண்டும் என்று 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் சட்டம் எண்ணுவது ஊழியர்களை. ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படித்தாலும், அவர்களில் எத்தனை பேர் தாய்மார்களாக இருந்தாலும், அந்தக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். அமெரிக்காவில் 1998லேயே, படிக்கும் பெற்றோருக்காகக் கல்லூரி வளாகத்தில் காப்பகம் நடத்த மத்திய அரசே நிதி கொடுக்கும் திட்டம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சூரியனை வரைந்த அந்தக் குழந்தைக்கு ஒரு பாயும் நாலு பொம்மையும் ஓர் ஆயாவும் உள்ள அறையைத் தர நம் கல்லூரிகளால் முடியும்.

என்னால் மறக்க முடியாத ஒரு கேள்வியையும் இங்கே வைக்கிறேன். இறுதியாண்டு மாணவி ஒருவர், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றார். "மேடம், நான் இப்ப டிகிரி பாஸ் பண்ணிட்டா என் பொண்ணுக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் கிடைக்காதாமே? அடுத்த வருஷம் அவ இன்ஜினியரிங் சேரணும். ஒரு பேப்பரை எழுதாம விட்டுடட்டுமா?" குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் பிள்ளைக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை தரும் திட்டம் அது, எத்தனையோ ஏழை வீடுகளில் விளக்கேற்றிய திட்டம். பெற்றோரில் ஒருவர் பட்டதாரியாகிவிட்டால் அந்தச் சான்றிதழுக்கு வழியில்லை. தன் பட்டமா, மகளின் கட்டணமா என்று ஒரு தாய் கணக்குப் போட நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. பிள்ளை பிறந்தபின் அஞ்சல்வழியில் படித்துத் தேறிய பெற்றோரின் பட்டம் பிள்ளையின் சலுகைக்குத் தடையாகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அரசின் கவனத்துக்கு இதைக் கொண்டுபோகக் கூடியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள் என்பதால் இங்கே சொல்கிறேன்.

இவ்வளவு மாற்றங்களைக் கல்வி நிறுவனங்கள் தாங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 1944இல் அமெரிக்கா, போரிலிருந்து திரும்பிய வீரர்கள் படிக்கச் சட்டம் போட்டது. 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்குள் வந்தார்கள். பலர் மணமானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். கல்லூரிகள் என்ன செய்தன? ராணுவத்தின் தகரக் கொட்டகைகளை வாங்கி மைதானங்களில் நிறுத்திக் குடும்பக் குடியிருப்பாக்கின. வகுப்பு நேரங்களைப் பெருக்கின. குழந்தைத் துணிகள் காயும் கொடிகளைக் கல்லூரி வளாகம் முதன்முதலாகப் பார்த்தது. தரம் கெட்டுவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்த பெரிய பல்கலைக்கழகத் தலைவர்களும் இருந்தார்கள். ஆனால் வந்த வீரர்கள் வயதில் இளைய மாணவர்களைவிட நன்றாகவே படித்தார்கள். கறுப்பின வீரர்களுக்கு அந்தச் சட்டத்தின் பலன் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற பெரிய குறை அதில் உண்டு. பெண்களும் அதில் மிகக் குறைவு. என்றாலும், நிறுவனம் மனம் வைத்தால் வளையும் என்பதை அது காட்டிவிட்டது. ஆண்களுக்காக வளைந்த வளாகம் தாய்மார்களுக்காகவும் வளையும்.

அப்படி வளைவதில், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் அடங்கும். 2021இல் வந்த கல்விப் புள்ளி வங்கி விதிமுறை, படித்துத் தேறிய பாடங்களின் புள்ளிகளை ஏழு ஆண்டு வரை சேமித்து வைக்க வழி செய்கிறது. அதற்கு அடிப்படையான புதிய கல்விக் கொள்கையில் எனக்கு ஒப்பாத பகுதிகள் பல. பாதியில் வெளியேறலாம் என்ற ஏற்பாடு, ஏழைப் பிள்ளைகளை நாமே வெளியே தள்ளும் ஏற்பாடாகிவிடுமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு. ஆனால் மாமியாரின் அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு பருவம் விட்டுப்போன பெண், தேறிய தாள்களை இழக்காமல் திரும்பி வர முடிவதை நான் மனதார வரவேற்கிறேன். எந்தக் கட்சி அதைக் கொண்டுவந்தது என்பது அவளுக்கு வேண்டாத விஷயம்.

இந்தக் கல்லூரியின் ஆட்சிக் குழுவினருக்கும் அறக்கட்டளையாருக்கும் என் விண்ணப்பங்கள் இவை. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகளும் தேர்வுகளும் இதே வளாகத்தில் நடக்கின்றன. அந்த நாட்களில் தரைத்தளத்தில் ஓர் அறையைக் குழந்தைகளுக்காகத் திறந்து வையுங்கள்; பால் கொடுக்க ஒரு மறைவிடமும் இருக்கட்டும். ஆயாவுக்கான சம்பளத்தை இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து கொடுக்கலாம். இந்தச் சொற்பொழிவுக்கென எனக்குத் தரும் மதிப்பூதியத்தை அதற்கு முதல் தொகையாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்முக வகுப்புகளுக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பள்ளித் தேர்வு அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் பிளஸ் டூ பிள்ளையின் தாயை வகுப்புக்குக் கூப்பிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். உங்களில் சிலருடைய அம்மாவோ அப்பாவோ இப்போது படித்துக்கொண்டிருப்பார்கள். சிலருடைய வீட்டில் படிக்கும் ஆசையை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். பெருமையாக இருக்கிறது என்று அவர்கள் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதை நான் தடுக்கவில்லை. அதோடு, டிசம்பர் தேர்வு முடியும்வரை இரவுச் சமையலையும் பாத்திரத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இரவே தொடங்குங்கள்.